சும்மா நின்றவன்

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். 1985-ஆம் ஆண்டு. சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அம்மன் கோவில் பொங்கல். விடியற்காலை மூன்று மணி இருக்கும். துண்டை முண்டாசாகக் கட்டிய பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். என்னையும், என் கழுத்தில் தொங்கிய வாத்தியத்தையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிகுந்த பரிவோடு கேட்டார்:

"ஏன் தம்பி, எல்லாரும் நல்லா வாசிச்சாங்க. நீங்க மட்டும் ஏன் ராத்திரி பூரா அதை மாட்டிக்கிட்டுச் சும்மாவே நின்னீங்க? உங்களுக்கும் சம்பளம் உண்டா?"

"உண்டு, ஐயா" என்றேன்.

"குறைச்சலாத்தான் இருக்கும்" என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு அவர் போய்விட்டார்.

தீர்ப்பில் பிழையில்லை. எங்கள் மெல்லிசைக் குழுவில் மிகக் குறைந்த சம்பளம் எனக்குத்தான். ஐந்து மணி நேரம் விரல் கொப்புளிக்க வாசித்தவனைப் பார்த்து, 'சும்மா நின்றாய்' என்று ஒருவர் சொல்லுகிறார். அதில் பொய்யும் இல்லை என்றால், அந்த வாத்தியம் என்னவாக இருக்கும்? பேஸ் கித்தார்தான்!

இந்தப் பழைய கதை இப்போது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் எதிர்வீட்டுப் பையன். கல்லூரியில் படிக்கிறான், நண்பர்களோடு சேர்ந்து கல்யாண வீடுகளில் பாடுகிறான். போன வாரம் என்னிடம் வந்து, "மாமா, நாலு கம்பி பேஸ் வாங்கவா, அஞ்சு கம்பி வாங்கவா?" என்று கேட்டான். நான் ஒரு காலத்தில் பேஸ் கித்தார் வாசித்தவன் என்பது இந்தத் தெருவில் எப்படியோ கசிந்துவிட்டது. கதை எழுதுகிறவனிடம் யாரும் இவ்வளவு பணிவாக வந்து யோசனை கேட்டதில்லை. ஆகையால் நானும் உட்காரச் சொல்லி, விஸ்தாரமாகவே ஆரம்பித்தேன்.

முதலில் வாத்தியத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சாதாரணக் கித்தாருக்கு ஆறு கம்பி, இதற்கு நான்கு. கம்பி ஒவ்வொன்றும் தாம்புக் கயிற்றின் தம்பி போல இருக்கும். எல்லாவற்றிலும் தடித்த கம்பியை மீட்டினால் வினாடிக்கு 41 தடவை அதிரும். நம் காது கேட்கக்கூடிய ஒலிகளின் கீழ்ப் படிக்கட்டுக்கு அது மிகவும் பக்கம். அதற்கு முன்னெல்லாம் இந்தக் கீழ் ஸ்வரங்களை வாசிக்க, ஆள் உயரத்துக்கும் மேலான டபுள் பேஸ் என்னும் ராட்சசப் பிடிலைச் சுமந்து திரிந்தார்கள். 1951-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் என்பவர், அதைத் தோளில் மாட்டிக்கொள்ளும்படி மரப்பலகையில் செதுக்கி, மின்சாரம் ஊட்டி, விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்திலே கட்டைகள் பதித்திருந்தபடியால் ஸ்வரம் தவறாமல் விழும். ஆகவே 'துல்லியம்' என்று பொருள்படும் 'பிரிசிஷன்' என்ற பெயரையே அதற்கு வைத்தார். இதிலே வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதர் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது!

நம் ஊரில் இந்த வாத்தியத்துக்குப் பெரிய யோகம் அடித்தது இளையராஜாவின் காலத்தில். அவருக்கு முன்னால் சினிமாப் பாட்டில் பேஸ் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் 1976-ல் 'அன்னக்கிளி' வந்த பிறகு, அடுத்த பத்து ஆண்டுகளில், பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடுகிற மாதிரி அவர் பேஸ் கித்தாருக்கு வேலை வைத்துவிட்டார். பாடகர் ஒரு வழியில் போவார். பேஸ் இன்னொரு வழியில் போய், சரியான முச்சந்தியில் வந்து சந்திக்கும். அவர் குழுவில் பல ஆண்டுகள் அந்த வாத்தியத்தை வாசித்தவர் சசிதரன். பின்னால் ரஹ்மானின் பாட்டுகளில் வாசித்துப் பெயர் பெற்றவர் கீத் பீட்டர்ஸ். பாடகர்களின் பெயரை ஊரே சொல்லும். இவர்கள் பெயரைச் சொல்ல, இன்னொரு பேஸ்காரன்தான் வரவேண்டும்.

எங்கள் குழுத் தலைவர் கண்டிப்பானவர். "கேசட்டுல எப்படி இருக்கோ அப்படி வரணும்" என்பார். நானும் டீக்கடையில் உட்கார்ந்து, பானைக்குள் வைத்த ஸ்பீக்கரில் பாட்டைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வோர் அடியாகப் பாடம் பண்ணினேன். பானைக்குள் ஏன் ஸ்பீக்கர் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஸ்பீக்கரின் காகிதம் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கும். அதை அப்படியே வெறுமனே தொங்கவிட்டால் முன்னே போகும் அலையைப் பின்னே போகும் அலை தின்றுவிடும். கனத்த ஸ்வரங்கள் வெளியே வராது. பின்பக்கத்தை அடைத்துவிட்டால் கனம் வரும். அதற்கு மரப்பெட்டி செய்யக் காசில்லாதவன், மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்தான். விஞ்ஞானம் என்று தெரியாமலே விஞ்ஞானம் செய்த மக்கள் நாம்!

ஆனால் அன்றைய கிராமத்து மேடைகளில் பெட்டியும் கிடையாது, பானையும் கிடையாது. வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான். குழாய் ஸ்பீக்கருக்குத் தொண்டை உண்டு, வயிறு இல்லை. பாடுகிறவர் குரலை இரண்டு மைல் கொண்டுபோகும். ஆனால் என்னுடைய 41 அதிர்வு ஸ்வரத்துக்கு அலையின் நீளம் மட்டும் எட்டு மீட்டருக்கு மேல். அது அந்தச் சிறிய குழாய்க்குள்ளிருந்து எப்படிப் பிறக்கும்? நான் வாசித்ததெல்லாம் கம்பியிலே பிறந்து கம்பியிலேயே மடிந்தது. சாத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் சொன்னது முழு உண்மை. அவரைப் பொறுத்தவரை நான் சும்மாதான் நின்றேன்.

இனி நான் வாத்தியம் வாங்கிய கதையைச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்களுக்குச் சிவகாசி. அப்பா அச்சகத்தில் மெஷின்மேன். அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவாள். அக்கா பட்டாசு ஆலையில் சரம் பின்னப் போய்க்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில் அச்சு, தீப்பெட்டி, பட்டாசு என்று ஊரின் மூன்று தொழில்களும் இருந்தன. பணம் மட்டும் இல்லை. 1984 தீபாவளிக்கு அப்பாவுக்கு வந்த போனஸை அப்படியே என் கையில் கொடுத்து, "உனக்கு வேணுங்கிறதை வாங்கிக்க" என்றார். தீபாவளிக்கு வேஷ்டிகூட அவர் எடுக்கவில்லை.

நான் மதுரைக்குப் போனேன். கடையில் ஒரு பேஸ் கித்தார் செக்கச்செவேலென்று தொங்கியது. கல்கத்தாவில் செய்தது. பக்கத்திலேயே பழுப்பு நிறத்தில், யாரோ வாசித்துத் தேய்ந்த பழையது ஒன்றும் இருந்தது. கடைக்காரர் பழையதைத்தான் எடுத்துக் காட்டினார். எனக்குச் சிவப்பின் மேலேயே கண். மேடை விளக்கில் அது எப்படி மின்னும் என்றுதான் யோசித்தேனே தவிர, அதன் கழுத்தை ஒரு தடவை கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவில்லை.

மழை குறைந்த பூமி எங்களுடையது. அந்தக் காய்ச்சல்தான் தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் சாதகம் என்பார்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே வைத்தார்கள், அது தழைத்தது. நான் கல்கத்தாவிலிருந்து வந்த கித்தாரை இங்கே வைத்தேன், அது வளைந்தது! சித்திரை வெயிலில் அதன் கழுத்து வில்லாகிவிட்டது. நல்ல கித்தார் என்றால் கழுத்துக்குள்ளே ஓர் இரும்புத் தண்டு ஓடும். திருகினால் நிமிரும். என் சிவப்பு அழகிக்கு முதுகெலும்பே இல்லை. கட்டைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விரல் நுழையும்படி இடைவெளி வந்துவிட்டது. அதை அழுத்தி அழுத்தித்தான் என் விரல் கொப்புளித்தது.

கம்பி சமாசாரம் இன்னொரு கூத்து. வியர்வையும் அழுக்கும் ஏறினால் கம்பியின் குரல் செத்துவிடும். புதுக் கம்பி வாங்க வசதியில்லாத பேஸ்காரர்கள் உலகம் முழுவதும் செய்கிற ஒரு வைத்தியம் உண்டு: பழைய கம்பியைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் வேகவிடுவது. அழுக்கு இறங்கி, சில நாளைக்குக் குரல் திரும்பும். நான் அம்மாவின் குழம்புச் சட்டியில் அதைச் செய்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வெந்துட்டாச் சொல்லு, தாளிச்சு இறக்கிருவோம்" என்றாள்.

எங்களுக்கு மைக் செட் போடுகிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவர்தான் முதலில் என் நிலைமையைப் பார்த்து இரங்கியவர். "தம்பி, நீங்க கித்தாரை மாத்தினாலும் பத்தாது. ஒரு பதினஞ்சு இஞ்சு ஸ்பீக்கர் வாங்குங்க. கனமான பலகையில பொட்டி அடிங்க. ஒரு இடத்துலயும் காத்துக் கசியக்கூடாது. அந்தப் பொட்டியைத் தரையில வையுங்க, மரத்துல கட்டாதீங்க. உங்க சத்தம் காதுக்குப் போற சத்தம் இல்லை; காலு வழியா ஏறுற சத்தம்" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "மேடையில ஏறினதும் மொதல்ல எர்த் பாருங்க. கையில கம்பி, உதட்டுல மைக்கு. எர்த் சரியில்லைன்னா அன்னிக்கே உங்க கச்சேரி முடிஞ்சுது." சங்கீத சாஸ்திரத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த உபதேசம் இதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

யோசனை பிரமாதம். பணத்துக்கு எங்கே போவது?

இங்கே அப்பாவின் காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பது வருஷம் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றதில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஓயாத இரைச்சலில் கெடும் காதுக்கு முதலில் போவது உச்ச ஒலிகள். வினாடிக்கு நாலாயிரம் அதிர்வை ஒட்டியவை. ஆகவே அம்மா பேசுவது அவருக்குப் பாதிதான் விளங்கும். 'சோறு' என்றால் 'யாரு' என்பார். புல்லாங்குழல் அவருக்கு இல்லவே இல்லை. ஆனால் கீழ் ஒலிகள் மட்டும் தங்கிவிட்டன. தெருக்கோடியில் லாரி திரும்புவது எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் பகலில் கேட்கும் கனத்த சத்தத்துக்கு ஒரே அர்த்தந்தான். தூரத்தில் 'தொம்' என்று ஒன்று கேட்கும். தெருவில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் அப்படியே நிற்பார்கள். அடுத்த கேள்வி, "எந்தப் பக்கம்?" என்பது. ஆண்டுக்கு ஆண்டு இது நடந்திருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டபோது நாடு முழுவதும் கேட்டது. கேட்காமல் போனவை எத்தனையோ.

1985 ஆவணியில் ஒரு நாள் முற்பகல். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த அப்பா திண்ணையில் படுத்திருந்தார். நான் உள்ளே கித்தாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா எழுந்து உட்கார்ந்தார். திண்ணையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா கையில் பசையோடு வாசலில் நின்றாள். பொழுது சாயும்போது அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அக்கா வந்தாள். வெடித்தது வேறு ஆலை. ஆனால் அக்காவோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தி அங்கே வேலை பார்த்தாள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் அக்காவுக்குச் சீட்டு விழுந்தது. கல்யாணத்துக்கென்று கட்டிவந்த சீட்டு. அந்தப் பணத்தை என் முன்னால் வைத்தாள். நான் வேண்டாம் என்றேன். "சேத்து வச்சுப் பாக்கிற வேலையாடா எங்க வேலை? நீ அந்தப் பொட்டியை அடி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சரத்துக்கு விலை சொல்லுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அந்தப் பணத்தை அடுத்த இரண்டு வருஷத்தில் கச்சேரி கச்சேரியாகத் திருப்பிக் கொடுத்தேன் என்பது மட்டுமே இந்தக் கதையில் நான் பெருமைப்படக்கூடிய விஷயம்.

இந்தத் தடவை கடைக்குப் போகவில்லை. மதுரையில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் பாங்க் உத்தியோகம் கிடைத்து வாத்தியத்தை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பழுப்பு நிறம், விளிம்பெல்லாம் தேய்ந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமானுக்குச் சுங்கத் தீர்வை மலை போல இருந்தது. இப்படிக் கைமாறி வந்தால்தான் உண்டு. கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பனஞ்சட்டம் மாதிரி நேராக இருந்தது. ஒவ்வொரு கட்டையிலும் ஒவ்வொரு கம்பியையும் அழுத்தி வாசித்துப் பார்த்தேன். மடியில் வைத்தும், நின்றுகொண்டும், வாரை ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன். நாலு கிலோவை ஐந்து மணி நேரம் சுமக்கப் போகிறவன் தோளைத்தான் முதலில் கேட்கவேண்டும். பெட்டியைச் சிவகாசியிலேயே ஓர் ஆசாரி அடித்துக்கொடுத்தார். தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

1986-ல் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கலை ஒட்டி எங்களுக்கு ஒரு கச்சேரி கிடைத்தது. அந்தத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அக்கினிச் சட்டி எடுத்து வருகிற கூட்டம், ராட்டினம், பொருட்காட்சி, கல்லில் எண்ணெய் குளிக்கும் புரோட்டா என்று ஊரே விழித்திருக்கும். அப்பா வருவதாகச் சொல்லவில்லை. பாட்டுக் கச்சேரிக்குக் காது கேளாதவர் எதற்கு என்று நானும் கூப்பிடவில்லை. மூன்றாவது பாட்டின்போது பார்க்கிறேன், மேடையின் இடப்புறம், தரையில் இருந்த என் பெட்டிக்கு முன்னால், கைகளைக் கட்டிக்கொண்டு அவர் நிற்கிறார். கூட்டம் பாடகியைப் பார்த்தது. அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த அதிர்ச்சியில் எனக்கு ஓர் இடம் பிசகியது. அரைக்கணம். உடனே சமாளித்துக்கொண்டேன். டிரம்ஸ்காரர் திரும்பவில்லை, குழுத் தலைவர் முறைக்கவில்லை, ஆயிரக்கணக்கான ஜனங்களில் ஒருவர் முகமும் மாறவில்லை.

கச்சேரி முடிந்ததும் அப்பா வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். முதல் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். வெகுநேரம் பேசவில்லை. பஸ் வந்து, ஏறி உட்கார்ந்து, திருத்தங்கல் தாண்டிய பிறகு சொன்னார்:

"மூணாவது பாட்டுல ஒரு அடி பிந்திட்டியேடா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிப்பா தெரிஞ்சுது?"

"மெஷின் ஒரு தாள் விட்டுட்டா எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முப்பது வருஷமாக மெஷினின் ஓட்டத்தை உள்ளங்காலால் கேட்ட மனிதர். ஊருக்கு வெளியே விழுந்த சத்தத்தை உள்ளங்கையால் கேட்டவர். அவருக்கு மிச்சமிருந்த அந்தக் கொஞ்சக் காதுக்குள் பாடகியும் இல்லை, வயலினும் இல்லை. நான் வாசித்தது மட்டுமே இருந்தது. நான் சும்மா நிற்கவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம், நான் செய்த தப்பு ஒன்றுதான்.

அப்புறம் காலம் மாறியது. 1990-களில் நல்ல கீபோர்டுகள் வந்தன. கீபோர்டுக்காரரின் இடது கையே பேஸை வாசித்துவிடும் என்றானபோது, சம்பளப் பட்டியலில் முதலில் அடிபட்டவன் நான். நான் கதை எழுதப் போனேன். 2000-ல் வந்த ஒலி விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு அனுமதி கொடுக்கலாம். விடிய விடியக் கச்சேரி என்பதெல்லாம் பழங்கதை. அதில் எனக்கு வருத்தமில்லை. தூங்குகிறவர்களுக்கும் ஊர் சொந்தந்தானே. அப்பா இப்போது இல்லை. அக்கா பேரன் பேத்தி எடுத்துச் சௌக்கியமாக இருக்கிறாள். பெட்டி என் வீட்டு மாடியில் இருக்கிறது. அதன்மேல் புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன்.

இதையெல்லாம் எதிர்வீட்டுப் பையனிடம் சொல்லி முடித்தேன். சாராம்சத்தையும் எடுத்துரைத்தேன்: "நாலு கம்பியே போதும். அஞ்சாவது கம்பி இன்னும் கீழே, வினாடிக்கு 31 அதிர்வு வரைக்கும் போகும். அதை வெளியே கொண்டுவர இன்னும் பெரிய பெட்டி வேண்டும். கழுத்து நேராக இருக்கிறதா என்று பார். தோளுக்குப் பாரமில்லாமல் இருக்கிறதா என்று பார். கையில் இருக்கிற பணத்தில் பாதியைப் பெட்டிக்கு ஒதுக்கு. எர்த் பார்க்காமல் மைக்கில் வாய் வைக்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்தில் எவராவது ஒருவர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு வாசி."

பையன் மிகவும் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து வாசல் வரைக்கும் போனவன், திரும்பி வந்து கேட்டான்:

"அந்தச் சிவப்புக் கலர் இப்பக் கிடைக்குமா, மாமா?"